இரும்பை ஒதுக்கு

அட்டைப் பெட்டிக்குள் மூன்று துண்டாக வந்தது.
தண்டை நீட்டி, அடியில் தட்டை மாட்டி,
வயரை ஐந்து சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.
விளக்கப் புத்தகம் எண்பது பக்கம்.
பன்னிரண்டில் நிறுத்தினேன்,
ஞாயிறு விடிந்துவிட்டது.

டுலூத்தில் மே மாதம் என்பது
குளிர் கட்டவேண்டிய கடைசித் தவணை.
ஏரியிலிருந்து மூடுபனி மேடேறி வந்து
ஊஞ்சல் சங்கிலிகளில் சொட்டிக்கொண்டிருந்தது.
பூங்காவில் யாரும் இல்லை.
அனுமதிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்,
யாராவது கேட்டால் தேவலை என்று.

பொத்தானை அழுத்தினேன்.
முதல் வீச்சிலேயே கத்தியது,
வலது கால் பக்கம்.
மண்டியிட்டு, புல்லை மூன்று பக்கம் வெட்டி
மூடியைப் போல மடக்கித் திறந்தேன்
(பக்கம் எட்டு).
மண். வேர். தூக்கம் கலைந்த ஒரு மண்புழு.
மூடினேன்.
அடுத்த அடி. கத்தியது. மண்.
அடுத்த அடி. மண்.
ஆறு குழி.
இருநூற்று எழுபது டாலர்,
இரண்டு மாதச் சனிக்கிழமைகளின் கூடுதல் வேலை.
ஊரே புதையல்மேல் உட்கார்ந்திருக்கிறதா,
இல்லை கடைக்காரன் என் தலையில் கட்டிவிட்டானா?

நாயோடு வந்தவர் வெகுநேரம் நின்று பார்த்தார்.
ஓயாலா. மேல்தெரு. பேசிப் பழக்கமில்லை.
அவருடைய நாய் ஒவ்வொரு குழியாய் முகர்ந்து
தணிக்கை செய்தது.
"பூட்ஸ்" என்றார்.
"என்ன?"
"உங்கள் பூட்ஸ். தாதுத் துறையில்தானே வேலை?"

குனிந்து பார்த்தேன்.
விரல் நசுங்காமலிருக்க
முனையில் எஃகு வைத்துத் தைத்த பூட்ஸ்.
ஒரு மணி நேரமாய்
என் காலைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.
அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.
நாய் மூன்றாம் குழியில் காலைத் தூக்கியது.

பூட்ஸைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுக்
காலுறையோடு இறங்கினேன்.
புல்லின் ஈரம் முழங்கால்வரை ஏறியது.
கருவி வாயை மூடிக்கொண்டது.

இரும்பை ஒதுக்க ஒரு பொத்தான் உண்டு.
ஆணி, கம்பி, துரு,
எதற்கும் மூச்சு விடாது.
அழுத்தினேன்.
கீழே துறையில் ஒரு கப்பல் தாது ஏற்றிக்கொண்டிருந்தது.
மாபெரும் முறத்தில் யாரோ கூழாங்கல் புடைப்பதுபோல்
பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம்
வந்தபடியே இருந்தது.
என் வாடகை அந்தச் சத்தம்,
என் கடைவாய்ப்பல் அடைப்பு அந்தச் சத்தம்,
கையிலிருக்கும் இந்தக் கருவியும்கூட.
அதை மட்டும் கேட்காதே என்று
இதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு
ஈரக்காலோடு நின்றேன்.
பிறகு மறுபடி அழுத்தினேன்.
சரி, எல்லாவற்றையும் கேள்.

கேட்டது.
சோடா டப்பாத் திறப்பு வளையங்கள், பதினொன்று.
எந்தக் கூடாரத்தையோ பிடித்துநின்ற முளை.
சக்கரமில்லாத பொம்மை லாரி,
கதவில் மட்டும் மஞ்சள் மிச்சம்.
ஐந்து சென்ட் காசு, நான் பள்ளியை விட்ட வருடத்தது.
ஓயாலா போகாமல் கூடவே நடந்தார்,
ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டபடி.

பந்துத் திடலின் வேலியோரம் வேறு குரல்,
கொஞ்சம் கனிந்தது.
நாலங்குலத்தில் ஒரு பித்தளைச் சாவி.
ஐந்து பல். தலையில் எண் இல்லை.
"என்னுடையது இல்லை" என்றார்,
தன் பையைத் தட்டிப் பார்த்த பிறகு.

ஆறு குழிகளையும் மிதித்துச் சமன் செய்தோம்.
நாய் மேற்பார்வை.

பூட்ஸைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.
வாசலில், சாவியைச் சட்டையில் துடைத்து
என் கதவில் நுழைத்துப் பார்த்தேன்.
மார்ச்சில்தான் ஆள் வைத்து அந்தப் பூட்டை மாற்றினேன்.
பாதிவரை போயிற்று.
திருப்பவில்லை, எடுக்கவுமில்லை.
காலுறையின் ஈரம்
மிதியடியில் கறுப்பாய்ப் பரவிக்கொண்டிருந்தது.